எலும்பு சொன்ன வயது

மூக்கண்டப்பள்ளி
6.9.2025

தர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "ம்", "சரி" என்பதைத் தாண்டி நீ ஒன்றும் பேசவில்லை. கபடி மாஸ்டர் அறையில் ஸ்பீக்கரைப் போட்டு எல்லோர் முன்னாலும் பேசச் சொன்னால் யாருக்குத்தான் வாய் வரும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் கம்பெனி கேன்டீன் வேன் தக்காளி எடுக்க ராயக்கோட்டை மண்டிக்கு அடிக்கடி வருகிறது. வேன் ஓட்டுகிற நாராயணப்பன் அண்ணன் இதை விடுதி கேட்டில் உன்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடு. தபாலில் போட்டால் அங்கே பிரித்துப் படிப்பார்கள்.

உன் எடை ஐம்பத்தேழு என்று மாஸ்டர் சொன்னார். ஐம்பத்தைந்துக்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் பதினாறு வயதுப் பிரிவு மாநிலத் தேர்வில் நிற்க விடமாட்டார்கள். அடுத்த வருஷம் உனக்கு அந்தப் பிரிவே கிடையாது. அதற்கப்புறம் பெரிய பெண்களோடு மோதி, நீ என்றைக்கு மாநில அணிக்குப் போவது, என்றைக்குச் சான்றிதழ் வாங்குவது, என்றைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போவது?

அதனால் வாயைக் கட்டு. காலையில் தருகிற முட்டையை உன் அறையில் இருக்கிற சுவாதிக்குக் கொடுத்துவிடு. அந்தப் பெண் குச்சி மாதிரி இருக்கிறாள், அவளுக்கு எடை ஏறினால் நல்லது. பால் தொடாதே, சதை போடும். களி அரை உருண்டை போதும்.

கேன்டீன்காரி நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு அள்ளிப் போட்டுவிட்டு, பெற்ற பெண்ணைச் சாப்பிடாதே என்கிறாளே என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். அந்த வரிசையில் வருகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். கழுத்தில் அட்டை, நின்று நின்று வீங்கிய கால். காண்ட்ராக்ட் முடிந்ததும் இவர்களை அனுப்பிவிட்டு வேறு பெண்களை எடுப்பார்கள். நீ அந்த வரிசையில் தட்டோடு வந்து நின்றால் என் கையாலேயே உனக்குச் சோறு போட வேண்டிவரும். அதற்கு நான் இந்த வேலைக்கே வந்திருக்க வேண்டாம்.

உன் அப்பா வேப்பனப்பள்ளியில் மாந்தோப்புக்குக் காவல் இருக்கிறார். இந்த வீட்டுக்குக் காவல் நான் ஒருத்திதான். அதை மறக்காதே.

அம்மா


ராயக்கோட்டை
10.9.2025

அம்மாவுக்கு,

முட்டையைச் சுவாதிக்குக் கொடுக்கிறேன். முதல் நாள் வேண்டாம் என்றாள். இப்போது நான் தட்டை நீட்டும் முன்பே எடுத்துக்கொள்கிறாள்.

விடிந்ததும் கோட்டை மலை ஏறி இறங்குகிறோம். வந்ததும் ஆட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுபடியும் ஆட்டம். எடை கூடுதலாக இருக்கிற பெண்கள் மட்டும் வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். கழற்றும்போது கோட்டுக்குள்ளிருந்து வியர்வை தண்ணீராக ஊற்றும். எடைபோடுகிற நாளுக்கு முந்தைய நாள் குடிக்கத் தண்ணீர் கிடையாது. டம்ளரைக் கையில் கொடுத்து எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். நான் இதையெல்லாம் செய்கிறேன். குறை சொல்வதாக நினைக்காதே.

வலது கால் வலிக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே ஒரு இடம். விரல் பட்டாலே உயிர் போகிறது. மாஸ்டரிடம் சொன்னேன், தைலம் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனில் சொல்ல முடியவில்லை. எனக்கு மாதவிலக்கு நின்றுபோய்விட்டது. கடைசியாக வந்தது சித்திரையில். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, இங்கே கேட்கவும் யாருமில்லை. நீ சொல்.

தர்ஷினி


மூக்கண்டப்பள்ளி
13.9.2025

தர்ஷினிக்கு,

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். யாராவது பையனோடு பழக்கமா? அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு. ஊர் சிரிக்கும் முன்னால் நான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா?

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். மனசு கேட்காமல் மாஸ்டர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். நன்றாக ஓடுகிற பெண்களுக்கு அப்படி நின்றுபோவது சகஜமாம், உடம்பு இறுகிவிட்டது என்று அர்த்தமாம், ஆட்டத்தை விட்டால் தானாக வந்துவிடுமாம். எனக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. மேலே எழுதியதை அடிக்கவில்லை, கிழித்துவிட்டு எழுத வேறு தாள் இல்லை.

தொல்லை விட்டது என்று நினைத்துக்கொள். போட்டி சமயத்தில் அந்த மூன்று நாள் வராமல் இருப்பது வசதிதானே. காலைப் பற்றி எழுதியிருந்தாய். கால் வலிக்காமல் கபடி ஆடினவள் எவள்? எடை எவ்வளவு குறைந்தது என்று நீ எழுதவே இல்லை.

அம்மா


ராயக்கோட்டை
24.9.2025

அம்மாவுக்கு,

நீ அடிக்காமல் விட்டதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கீழே எழுதியதை ஒரு முறை படித்தேன், போதும் என்று தோன்றியது.

இங்கே ஆண் என்று இருப்பவர்கள் மாஸ்டரும் கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் தாத்தாவும்தான். எதற்கும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். உடம்புக்கு என்னவோ ஆகிறது என்று பெற்ற தாயிடம் சொன்னால், எவன் என்று கேட்கிறாய். இல்லை என்று தெரிந்ததும் வசதி என்கிறாய். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தி இருப்பது உனக்குத் தோன்றவே இல்லை. எடை ஐம்பத்தாறு. இப்போது நிம்மதியா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டி ஆட்களை இறக்குகிறார்கள் என்று போன வருஷம் புகார் போனதாம். அதனால் இந்த முறை தேர்வுக்குப் போகிற எல்லோருக்கும் இடது மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள். வளர்கிற எலும்பில் இடைவெளி இருக்குமாம். அது மூடியிருக்கிற அளவைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார்களாம்.

"ஆதார்ல என்ன வேணா எழுதலாம். எலும்புல எழுத முடியாது" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் இரண்டு பேருக்கும்தானே தெரியும், எனக்குப் பதினைந்து இல்லை, பதினேழு என்று. நான் என்ன செய்ய?

தர்ஷினி


மூக்கண்டப்பள்ளி
27.9.2025

தர்ஷினிக்கு,

இனிமேல் அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதாதே.

நான் ஏதோ திருட்டு வேலை செய்ததுபோல் எழுதுகிறாய். வேப்பனப்பள்ளியை விட்டு இங்கே வந்தபோது உனக்கு ஏழு. தோப்பு தோப்பாக அலைந்ததில் நீ பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்லை. ஏழு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் மற்ற பிள்ளைகள் கேலி பேசுமே என்று, ஐந்து என்று சொன்னேன். டீச்சர் உன்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். அப்போது நீ அப்படித்தான் இருந்தாய், கைப்பிடி அளவுக்கு. கபடி என்று ஒன்று நம் வாழ்க்கையில் வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எக்ஸ்ரேக்குப் போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். போய்க் கையை நீட்டு. மலைக்கோவில் சாமிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். எதுவும் கேட்டால் எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும் என்று சொல்.

அம்மா


ராயக்கோட்டை
18.10.2025

அம்மாவுக்கு,

உன் சாமி கைவிடவில்லை. என் எலும்புக்கு வயது பதினைந்தாம். தேறிவிட்டேன்.

எங்களோடு தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அவளுக்கு நிஜமாகவே பதினைந்துதான். வீட்டில் பால்மாடு இருக்கிறது, ராகியும் எருமைத் தயிருமாகச் சாப்பிட்டு வளர்ந்த பெண். அவளுக்கு எலும்பு மூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பொய் சொன்ன நான் உள்ளே நின்றேன்.

நான் நொண்டுவதை எலும்பு டாக்டரம்மா பார்த்துவிட்டார். மாஸ்டரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்ன சாப்பிடுகிறாய், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு, என் பெயரை இழுக்காமல், ஒரு பெண்ணுக்குப் பதினேழு ஆகியும் எலும்பு பதினைந்து என்று காட்டுமா என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து சரியாகச் சாப்பிடாமல், வளர்கிற வயதில் பட்டினியும் கிடந்து, மாதவிலக்கும் நின்றுபோனால் காட்டும் என்றார். எலும்பு பலப்படுவதெல்லாம் இந்த வயதில்தானாம். புதுச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டிய நாளில் விடாமல், பிறகு குடம் குடமாக ஊற்றி என்ன பயன் என்று கேட்டார். நான் ஆடுவதால்தான் இப்படி ஆனதா என்றேன்.

"ஆட்டம் எலும்பைக் கட்டும்மா, வயித்துல சோறு இருந்தா. சோறு இல்லைன்னா அந்த ஆட்டமே எலும்பைத் தின்னுரும்."

இந்தப் பரீட்சையில் நான் எப்படித் தேறினேன் என்று இப்போது உனக்குப் புரிகிறதா அம்மா? நீ வாயால் குறைத்த இரண்டு வருஷத்தை என் உடம்பிலும் குறைத்துவிட்டோம்.

காலையும் எக்ஸ்ரே எடுத்தார். மயிரிழை அளவு விரிசல் இருக்கிறது. ஒன்றரை மாதம் காலை ஊன்றி ஓடவே கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தேர்வு முடியட்டும் என்றார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போ. சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் வந்தால்தான் வெளியே விடுவார்கள். போட்டவள் நீ.

தர்ஷினி


மூக்கண்டப்பள்ளி
22.10.2025

தர்ஷினிக்கு,

தேறிவிட்டேன் என்று படித்ததும் கேன்டீனில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலமே மலைக்கோவில் படியேறித் தேங்காய் உடைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

மிச்சத்தை வீட்டுக்கு வந்து படித்தேன். டாக்டரம்மாவுக்கு என்ன, பால் குடி, முட்டை சாப்பிடு, படுத்துக்கொள் என்று சீட்டு எழுதுவது சுலபம். அவர் பெண்ணுக்கு ஒதுக்கீட்டு வேலை தேவையில்லை. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நான் குடித்தது கஞ்சித் தண்ணீர். எனக்கே இல்லாத பாலை உனக்கு எங்கிருந்து ஊற்றுவேன்? அதையெல்லாம் என் தலையில் கட்டாதே.

மயிரிழை விரிசல் என்றால் மயிரிழைதானே. துணியை இறுக்கிச் சுற்று. ஒரே ஒரு தேர்வு கண்ணு. அது முடிந்ததும் நானே வந்து கூட்டிக்கொண்டு போய், உன்னை உட்காரவைத்து மூன்று வேளையும் ஊட்டுகிறேன். இத்தனை தூரம் வந்துவிட்டு இப்போது உன்னைக் கூட்டிவந்தால், நீ பட்ட பட்டினிக்கு என்ன அர்த்தம்? கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்.

அம்மா


ராயக்கோட்டை
5.11.2025

அம்மாவுக்கு,

நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வழிதான் இருந்தது. நேற்று மாஸ்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்குப் பதினேழு, பள்ளிக்கூடத்தில் குறைத்துக் கொடுத்தது, என்னை அனுப்பிவிடுங்கள் என்றேன். கத்துவார், அடிப்பார், சாமானைத் தூக்கி வெளியே போடுவார் என்று நினைத்தேன். போட்டால் நல்லது என்றுதான் போனேன்.

அவர் சிரித்தார்.

"ஆதாரும் பதினஞ்சுங்குது, எக்ஸ்ரேயும் பதினஞ்சுங்குது. நீ மட்டும் பதினேழுங்கறயா? பயந்துட்டேன்னு நேரா சொல்லு."

எலும்பு சொன்னதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை அம்மா. என் வயதை நானே சொல்லி நம்பவைக்க முடியாமல் நின்றேன். பெற்றவள் வந்து சொல்லட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லி ஓடப் போகச் சொன்னார். ஓடினேன்.

சுவாதி இப்போது முட்டை வாங்குவதில்லை. நீயே சாப்பிடு என்கிறாள். எனக்குத்தான் விழுங்க வரவில்லை, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எடைக்கருவி கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், நான் தை மாதம் தோப்பிலேயே பிறந்தேன், மரமெல்லாம் பூத்து நின்றது, மருந்தடிக்க வந்த ஆட்கள் மருத்துவச்சியைத் தேடி ஓடினார்கள் என்று. எந்த வருஷம் என்பதும் உனக்குத் தெரியும். வந்து அதை மட்டும் சொல். பிறகு என்னைத் திட்டு, அடி, காலம் முழுக்கப் பேசாமல்கூட இரு. அந்தக் காண்ட்ராக்ட் வரிசையில் நிற்கவும் நான் தயார். இந்தக் காலோடு இனி ஓட என்னால் முடியாது. வா அம்மா.

தர்ஷினி


மூக்கண்டப்பள்ளி
9.11.2025

தர்ஷினிக்கு,

நீ பிறந்தது எந்த வருஷம் என்று எனக்கு நினைவில்லை. எங்களைப் போன்றவர்கள் நாளும் வருஷமும் குறித்துவைத்தா பிள்ளை பெற்றோம்? பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்பதுதான் உன் வயது.

மாஸ்டர் போன் செய்து கேட்டார். பதினைந்துதான், அவள் பயத்தில் உளறுகிறாள் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? வயது பொய் என்று நானே ஒப்புக்கொண்டால் உன் படிப்பு போகும், ஆதார் போகும், போலீஸ் வேலைக்கு மனுப் போடவே உனக்கு வழி இருக்காது. இதையெல்லாம் யோசிக்க உனக்கு வயது போதவில்லை.

தேர்வு முடிகிறவரை எனக்கு எழுதாதே. உன்னிடமிருந்து எதுவும் வாங்க வேண்டாம் என்று நாராயணப்பன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நீ எழுதுவதைப் படித்தால் என் மனசு இளகிவிடும். அது நமக்கு நல்லதில்லை.

அம்மா


கிருஷ்ணகிரி
2.12.2025

அம்மாவுக்கு,

இதைத் தபாலில் போடச் சொல்கிறேன். இனி யார் பிரித்துப் படித்தால் என்ன.

வியாழக்கிழமை நீ ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரம் நின்றபோது நான் தூங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். நீ போர்வையைச் சரிசெய்தது தெரியும். நீ வைத்துவிட்டுப் போன தூக்குவாளியைப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல கைமணம் என்றார்.

தேர்வு அன்று எடை ஐம்பத்து நாலே முக்கால் இருந்தது. நீ முதலில் கேட்பது அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

எதிரணிப் பெண்கள் மேல் பழி போட்டுப் பேசினாயாம், சுவாதி சொன்னாள். அவர்களை விட்டுவிடு. யாரும் என்னைப் பிடிக்கவில்லை, இடிக்கவில்லை. பாடிக்கொண்டு போனேன், ஒருத்தியைத் தொட்டேன், திரும்பினேன். திரும்பி வலது காலை ஊன்றினேன். எலும்பு உடைந்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டதாம். உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இனிக் கபடி கிடையாது என்று டாக்டர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டு, மாதவிலக்கு திரும்பி, மெல்ல நடந்து பழகினால் எலும்பு இன்னும் கொஞ்சம் தேறும், முழுவதும் வருமா என்று சொல்ல முடியாது என்றார். இங்கே தருகிற பாலையும் முட்டையையும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது. வலிக்கட்டும் என்று சாப்பிடுகிறேன்.

உடம்பு தேறினால் வேப்பனப்பள்ளிக்குப் போகிறேன், அப்பாவோடு. நீ கூப்பிட வராதே.

அப்பாவுக்குத் தகவல் சொன்னது சுவாதி. தேர்வுக்குக் கூட வந்திருந்த வாட்ச்மேன் தாத்தாவின் போனை வாங்கி, தோப்புக்காரர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். எங்களுக்கு முன்பே அவர் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார், தோப்பில் போட்டிருந்த அதே சட்டையோடு. நீ அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் கேட்டுக் கேட்டு, அவரிடம் சொல்லலாம் என்றுகூட எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. சீட்டு எழுதுகிற இடத்தில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், வயதைக் கேட்டாள். மாஸ்டர் பதினைந்து என்றார். அப்பா ஸ்ட்ரெச்சர் பக்கத்திலிருந்தே தலையைத் தூக்கிச் சொன்னார்.

"இல்லீங்க, பதினேழு. வர்ற தை வந்தா பதினெட்டுங்க."

மாஸ்டர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண் பதினேழு என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அப்பா எதற்கும் தயங்கவில்லை. அது மறைக்க வேண்டிய விஷயம் என்று அவரிடம் யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. நான் கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அம்மா.

தர்ஷினி